என் நெஞ்சில் நடந்த பரீட்சை

நான் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் ஆரம்பித்து அடையவளஞ்சான் தெரு வரை நான் படியேறாத வீடு குறைவு. "நல்லாத்தான் இருக்கீங்க, ஆனா நாளைக்கு என்ன நடக்கும்னு யாருக்குத் தெரியும்?" என்று சிரித்த முகத்தோடு கேட்டு, எதிரில் இருப்பவர் வயிற்றில் புளியைக் கரைப்பது என் தொழில். தூரத்தில் என்னைக் கண்டதும் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு யாருடனோ பேசுவதுபோல் நடிப்பவர்கள் உண்டு. அவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது, நாளைக்கும் அதே தெருவழியாகத்தானே அவர்கள் வந்தாக வேண்டும். ஆனால் ஊருக்கெல்லாம் பாலிசி போட்டுக் கொடுக்கும் எனக்கு ஒரு கம்பெனியும் பாலிசி தராது. என் இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப் போயிருக்கிறது.

சின்ன வயதில் மூட்டு மூட்டாக வீங்கி ஒரு காய்ச்சல் வந்தது. கஞ்சி குடித்து, கஷாயம் குடித்து, அதுவும் போனது. போகும்போது வால்வில் ஒரு தழும்பை விட்டுவிட்டுப் போனது யாருக்கும் தெரியவில்லை. கல்யாணமாகி மகள் வயிற்றில் இருந்தபோதுதான் மூச்சு வாங்கிற்று, டாக்டர் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து ஆற்றைத் தாண்டி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி வேறு பஸ் மாறி, மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு வருவது என் வாழ்க்கையில் கரண்ட் பில் கட்டுவதுபோல் ஒரு வேலையாகிவிட்டது. எந்தக் கல்லூரி என்று சொல்லப்போவதில்லை. எங்கள் மாநிலத்தில்தான் ஊருக்கு ஊர் மருத்துவக் கல்லூரி இருக்கிறதே, ஏதோ ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு, வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. கடைசி வருஷ மாணவர்களுக்குச் செய்முறைப் பரீட்சை வரும்போது உண்மையான நோயாளிகளைக் கூப்பிட்டுக் கட்டிலில் படுக்க வைப்பார்கள். எழுந்து நடமாடிக்கொண்டு, ஆனால் உடம்பில் தெளிவான கோளாறு ஒன்றை வைத்துக்கொண்டிருப்பவர்கள்தான் வேண்டும். ஒரு மாணவருக்கு ஒரு நோயாளி. பேசிப் பார்த்து, தொட்டுப் பார்த்து, தட்டிப் பார்த்து, கேட்டுப் பார்த்து, என்ன நோய் என்று அவர்களே கண்டுபிடிக்க வேண்டும். பிறகு வேறு ஊர்க் கல்லூரியிலிருந்து வந்திருக்கும் பேராசிரியர்கள் முன்னால் நின்று சொல்ல வேண்டும். அப்படிப் படுத்திருக்கும் எங்களுக்குக் 'கேஸ்' என்று பெயர். சாப்பாடும் வழிச்செலவும் தருவார்கள். முதல் தடவை உதவிப் பேராசிரியை அம்மா போன் செய்து, "உங்க நெஞ்சுல சத்தம் ரொம்ப கிளியரா கேக்குதும்மா, பரீட்சைக்கு வர முடியுமா?" என்று கேட்டபோது, பாட்டுக் கச்சேரிக்குக் கூப்பிட்ட மாதிரி எனக்குப் பெருமையாக இருந்தது. "உன் குரலைப் பத்தி யாரும் அப்படிச் சொன்னதில்ல" என்றார் என் கணவர்.

வருஷா வருஷம் போய்ப் போய் நான் அங்கே 'வால்வு அம்மா' ஆகிவிட்டேன். என் பக்கத்துக் கட்டிலுக்கு வழக்கமாக வருபவர் மண்ணீரல் பாய். நான் பிறந்த ஊர்ப் பக்கத்துக்காரர், பல வருஷம் வளைகுடாவில் டிரைவராக இருந்தவர். அவருடைய மண்ணீரல் வீங்கித் தொப்புள் வரைக்கும் வந்து நிற்கும். நாங்கள் இருவரும் பரீட்சை நாட்களில் மட்டும் சந்தித்துக்கொள்ளும் சொந்தக்காரர்கள். 

எங்களுக்குள் ஒரு எழுதாத சட்டம் இருந்தது. மாணவர்கள் மரியாதையாக நடந்துகொண்டால் என்ன நோய் என்று காதோடு சொல்லிவிடுவோம். வந்ததும் வராததுமாகச் சட்டையைத் தூக்குபவர்களுக்கு வாயைத் திறக்க மாட்டோம். "சலாம் சொல்ல வேணாம், ஒரு வணக்கமாவது சொல்லணும்ல? கதவத் தட்டாம வூட்டுக்குள்ள வர்ற மாதிரி வயித்துல கைய வெக்கிறான்" என்பார் பாய். அப்படிப்பட்டவர்களிடம் அவர், "எனக்கு ஒண்ணும் இல்லயே தம்பி, சும்மா சோறு போடறாங்கன்னு வந்தேன்" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொள்வார். எனக்கு அந்த அளவுக்குக் கல்நெஞ்சு கிடையாது. நான் பெரும்பாலும் எல்லோருக்கும் சொல்லிவிடுவேன். பேசாமல் இருப்பது என் தொழிலுக்கும் ஆகாது, உடம்புக்கும் ஆகாது.

இதையெல்லாம் வேடிக்கையாகச் சொல்கிறேனே தவிர, அந்த இடத்துக்குள் நுழைந்தால் எனக்கு உண்மையில் ஒரு பிரமிப்பு வரும். பெரிய கோயிலில் சந்நிதியை நெருங்கும்போது கூட்டத்தில் எல்லோரும் தானாகக் குரலைத் தாழ்த்துவார்கள் அல்லவா, அப்படி. ஒரு பக்கம் நர்சிங் படிக்கும் பெண்கள் ஒருத்தி கையில் ஒருத்தி பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இன்னொரு பக்கம் ஈசிஜி எடுக்கப் பழகும் பெண், ஒயர்களின் நிறத்தை மந்திரம்போல் முணுமுணுத்துக்கொண்டிருப்பாள். நேற்றுவரை அம்மாவிடம் 'தலை வாரி விடு' என்று உட்கார்ந்திருந்த பிள்ளைகள், இன்னொரு மனித உடம்பின் உள்ளே என்ன நடக்கிறது என்பதை வெளியிலிருந்து விரலாலும் காதாலும் கண்டுபிடிக்கப் பழகுகிறார்கள். ஒரு தடவை ஒரு மாணவன் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி என் காதில் மாட்டி, என் இதயத்தை எனக்கே கேட்கக் கொடுத்தான். டப் என்று ஒரு அடி, பிறகு தூரத்தில் மாவு மில் ஓடுவதுபோல் ஒரு உறுமல். இத்தனை வருஷமாக இது எனக்குத் தெரியாமல் உள்ளே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. நான் அழுதுவிட்டேன். அவன் பயந்து, "வலிக்குதாம்மா?" என்று கேட்டான்.

பிறகு ஒரு சமயம் பெரம்பலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் காய்ச்சல் வந்து, அங்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். இளவயது டாக்டர் நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டு, முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல், "நீங்க வால்வு அம்மாதானே?" என்றார். என் நெஞ்சைக் கேட்டுத் தேறியவர். முகம் மறந்திருக்கிறது, சத்தம் மறக்கவில்லை. மாநிலம் முழுக்க எத்தனை ஊரில் எத்தனை பேர் காதில் என் வால்வு இருக்கிறது என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது சொல்ல வந்த விஷயம் போன பரீட்சையில் நடந்தது. காலையில் நாங்கள் எல்லோரும் வார்டில் படுத்ததும் வெளியூர்ப் பேராசிரியர் வந்தார். மாணவர்கள் வருவதற்கு முன்னால் அவரே ஒவ்வொரு கேஸையும் பார்த்து வைத்துக்கொள்வார், அதுதான் முறை. உயரமானவர், சிரிக்காதவர். என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார், நெஞ்சில் கேட்டார், பக்கத்தில் நின்ற உதவிப் பேராசிரியை அம்மாவிடம் "பல்ஸ் ரெகுலர்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். எனக்கு அது புதிதல்ல. வால்வு சுருங்கினாலும் நாடி ஒழுங்காக இருக்கிறது என்று வருஷா வருஷம் எல்லோரும் சொல்வதுதான்.

மாணவர்கள் வர இன்னும் நேரம் இருந்தது. பாயும் நானும் கீழே கேன்டீனுக்குப் போய்க் காபி குடித்தோம். அதற்குள் நர்ஸ் கூப்பிடுகிறார் என்று ஆள் வர, மூச்சிரைக்க மாடி ஏறினேன். கட்டிலில் படுத்தபோது நெஞ்சுக்குள் ஒரு படபடப்பு. சட்டிக்குள் மாட்டிக்கொண்ட தும்பிபோல் ஏதோ அடித்தது. காபியும் மாடிப்படியும் செய்த வேலை என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

எனக்கு ஒதுக்கிய மாணவி வந்தாள். ஒல்லியாக, வெள்ளைக் கோட்டுக்குள் காணாமல் போகிற உடம்பு. "வணக்கம்மா. நான் ஃபைனல் இயர் படிக்கிறேன். உங்களைப் பரிசோதிக்கலாமாம்மா?" என்று கேட்டு, நான் தலையாட்டிய பிறகு, உள்ளங்கைகளைச் சூடு வரத் தேய்த்துக்கொண்டாள். அந்தத் தேய்ப்பிலேயே எனக்குப் பிடித்துப் போய்விட்டது.

"எந்த ஊரு கண்ணு?" என்றேன்.

"தொட்டியம் பக்கம்மா."

"அப்பா?"

"வாழைத்தார் வெட்டப் போவாங்க." கேள்வி கேட்க வேண்டியவள் அவள். ஆனால் என்னிடம் யார் வந்தாலும் கேள்வி என் பக்கத்திலிருந்துதான் போகும். கொஞ்ச நேரத்தில் அவள் கதை முழுக்க வெளியே வந்துவிட்டது. அரசுப் பள்ளியில் படித்து அந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தவள். இது அவளுக்கு இரண்டாவது தடவை. அவளோடு படித்தவர்கள் எல்லாம் தேறி, ஹவுஸ் சர்ஜனாகி, அதே வார்டில் டியூட்டி பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இவள் ஒருத்தி மட்டும் இந்தப் பரீட்சையில் நின்றுபோனாள்.

"பதில் தெரியலயா?"

"தெரிஞ்சுதும்மா. சரியாத்தான் சொன்னேன். சார் 'ஷ்யூரா?'ன்னு கேட்டாரு. உடனே பயந்து மாத்திச் சொல்லிட்டேன். மறுபடியும் 'ஷ்யூரா?'ன்னாரு. திரும்பவும் மாத்தினேன். அப்புறம் பேச்சே வரல." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஊர்ல எல்லாரும் டாக்டரம்மான்னுதாம்மா கூப்பிடறாங்க. நான் நின்னுபோனது வீட்டைத் தவிர யாருக்கும் தெரியாது. இந்தத் தடவையும் போச்சுன்னா அப்பாவால மூடி வெக்க முடியாது."

எனக்கு மனசு தாங்கவில்லை. அவளைப் பக்கத்தில் இழுத்து என் சொத்தையெல்லாம் எழுதிக் கொடுத்தேன். "மைட்ரல் வால்வு சுருக்கம். இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்கச் சொல்லிட்டுக் கேளு, உறுமல் நல்லா கேக்கும். நாடி ஒழுங்கு. காலையில பெரிய சாரே பார்த்துச் சொல்லிட்டுப் போனாரு. அப்படியே ஒப்பிச்சுடு, தாயே."

அவள் ஏற்கெனவே என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். நான் மேலே ஏதோ சொல்லப் போனேன்.

"அம்மா, கொஞ்ச நேரம் பேசாம இருங்கம்மா."

என்னிடம் அப்படிச் சொன்னவர்கள் உலகத்தில் மிகச் சிலர். நான் வாயை மூடிக்கொண்டேன். மூன்று விரல்களை வைத்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றாள். மற்ற மாணவர்கள் இதற்குள் முதுகைத் தட்டி, வயிற்றை அமுக்கி, எங்கோ போயிருப்பார்கள். இவள் விரலை எடுக்கவில்லை. பிறகு ஒரு கையை மணிக்கட்டிலேயே வைத்துக்கொண்டு மறு கையால் ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்து, இரண்டையும் சேர்த்துக் கேட்டாள். உதடு எண்ணிக்கொண்டே இருந்தது.

"அம்மா, நாடி ஒழுங்கா இல்லம்மா."

"காபி குடிச்சுட்டு மாடி ஏறினேன், அதான்."

"வேகமா இருந்தா அப்படிச் சொல்லலாம். இது வேகம் மட்டும் இல்லம்மா. ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் சம்பந்தமே இல்லாம வருது. நெஞ்சுல அடிக்கிற சிலது கைக்கு வந்தே சேரல."

எனக்குக் கோபம் வந்தது. "இந்தா பாரு, மார்க் போடப்போறது அந்த சாரு. அவரு ஒழுங்குன்னுட்டாரு. நீ போய் இல்லன்னு நின்னா யாரை நம்புவாரு? வீணா மாட்டிக்காத."

அவள் என்னைத் திரும்பிப் படுக்க வைத்து, மீதிப் பரிசோதனையைச் செய்தாள். அவள் விரல் சொன்னதைச் சொன்னால் பேராசிரியரை மறுத்துப் பேசியதாகும். பேராசிரியர் சொன்னதைச் சொன்னால் தேறிவிடலாம். அவள் எதைச் சொல்லப் போகிறாள் என்று எனக்கே தெரியவில்லை. நெஞ்சில் இருந்த படபடப்பை அதற்குள் நான் மறந்தும் போனேன். உண்மையில் அது அடங்கிவிட்டிருந்தது. அதை அவளிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பேராசிரியர் வந்தார். பின்னாலேயே உதவிப் பேராசிரியை அம்மா. அந்தப் பெண் இங்கிலீஷில் சொல்ல ஆரம்பித்தாள். என் வயது, என் ஊர், சின்ன வயதுக் காய்ச்சல் எல்லாம் தடங்கல் இல்லாமல் வந்தது. நாடிக்கு வந்ததும் ஒரு விநாடி நின்று, "இர்ரெகுலர்லி இர்ரெகுலர், சார்" என்றாள்.

அவர் குனிந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். பிறகு நெஞ்சில் வைத்துக் கேட்டார். "எனக்கு ரெகுலராத்தான் இருக்கு. நீ பாரு" என்றார்.

அவள் பிடித்துப் பார்த்தாள். முகம் வெளுத்தது. "இப்ப ரெகுலரா இருக்கு சார்."

"அப்ப?"

"அப்ப இல்ல சார்."

"காலையில பார்த்தேன், ரெகுலர். இப்பப் பார்க்கிறேன், ரெகுலர். நடுவுல நீ பார்த்தப்ப மட்டும் இல்லன்னு சொல்றியா?"

"ஆமா சார்."

"ஷ்யூரா?"

அந்த வார்த்தை வந்துவிட்டது. மாத்திடு, பாவி, மாத்திடு என்று மனசுக்குள் கத்தினேன். வாயையும் திறந்துவிட்டேன், "சார், அந்தப் பொண்ணு..." என்று ஆரம்பிப்பதற்குள் அவர் கையை உயர்த்தி, "நீங்க பேசக்கூடாதும்மா, இது எக்ஸாம்" என்று அடக்கிவிட்டார்.

அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "ஷ்யூர் சார். நெஞ்சுலயும் கையிலயும் சேர்த்து எண்ணிப் பார்த்தேன். ரெண்டும் ஒத்துப்போகல. இப்ப இல்ல, ஆனா அப்ப இருந்துச்சு. நான் பார்த்ததைத்தான் சார் சொல்ல முடியும்."

அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. என்ன செய்வாய் என்று கேட்டார். ஈசிஜி எடுப்பேன், அதில் அகப்படாவிட்டால் ஒரு நாள் முழுக்க மெஷின் கட்டிப் பார்ப்பேன் என்றாள். ஏன் அவ்வளவு அவசரம் என்று கேட்டார். அதற்கு அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள், மன்னிப்புக் கேட்பதுபோல். பிறகு இங்கிலீஷிலேயே பதில் சொன்னாள். அவளுக்கு என்ன தெரியும், நான் ஊர் முழுக்க விற்பதே அந்த வார்த்தைகளைத்தான் என்று. வால்வு சுருங்கியவர்களுக்கு இதயம் இப்படித் தாளம் தப்பினால் உள்ளே ரத்தம் உறையும், உறைந்தது மூளைக்குப் போனால் ஸ்ட்ரோக். எனக்கு நன்றாகப் புரிந்தது.

"நீ போகலாம்" என்றார். அவள் போனதும் உதவிப் பேராசிரியை அம்மாவிடம், "எதுக்கும் ஒரு ஈசிஜி எடுத்துடுங்க" என்றுவிட்டுப் பாயின் கட்டிலுக்குப் போனார்.

ஈசிஜி அறை கீழ்த்தளத்தில். என்னை வீல் சேரில் உட்கார வைத்து, தள்ளும் ஆளைத் தேடிக்கொண்டு நர்ஸ் போனார். வராந்தா ஜன்னலோரம் அந்தப் பெண் நின்றிருந்தாள். சத்தம் இல்லாமல் அழுதுகொண்டிருந்தாள். கோட்டின் கை ஈரமாகியிருந்தது.

"அழறத அப்புறம் அழலாம். வந்து இதைத் தள்ளு" என்றேன். வேறு எப்படி ஆறுதல் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து தள்ளினாள். மாடியிலிருந்து இறங்கும் சரிவில் பாதி வந்திருப்போம். நெஞ்சுக்குள் மறுபடியும் அந்தத் தும்பி அடித்தது.

"கண்ணு, வந்துடுச்சு."

சேரை நிறுத்தி, சக்கரத்துக்கு முட்டியை அண்டை கொடுத்து, குனிந்து என் கையைப் பிடித்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது மலர்ந்தது. பொய் இல்லை, விளக்குப் போட்ட மாதிரி மலர்ந்தது. அடுத்த கணமே அப்படியே சுருங்கிப் போயிற்று.

"சாரிம்மா."

"எதுக்கு?"

"ஒரு செகண்ட்... சந்தோஷப்பட்டுட்டேம்மா."

"பட்டா என்ன. நானும்தான் பட்டேன்" என்றேன். சத்தியமாகப் பட்டேன். என் இதயம் கெட்டுப்போனதற்கு நானே மகிழ்ந்த அந்த நிமிஷத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

ஈசிஜி பழகும் பெண் ஒயர்களை மாட்டினாள். பேப்பர் ஓடி வந்தது. தையல் தெரியாதவள் போட்ட ஓட்டுத் தையல்போல் ஒரு இடைவெளி கிட்டத்தில், ஒரு இடைவெளி எட்டத்தில். எனக்கே தெரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"பேப்பரை எடுத்துக்கிட்டு ஓடு" என்றேன். "அவரு இன்னும் மேலதான் இருக்காரு. மார்க் போடறதுக்குள்ள காட்டிடு. நான் இங்கயே உக்காந்திருக்கேன், எங்கயும் போயிட மாட்டேன்."

அவள் பேப்பரைப் பார்த்தாள். மாடிப்படியைப் பார்த்தாள். பார்த்ததை நான் பார்த்தேன். ஓடியிருந்தால் போய்ச் சேர்ந்திருக்கலாம். ஓடியிருந்தால் நானும் தப்பு சொல்லியிருக்க மாட்டேன், ஓடு என்று சொன்னதே நான்தானே.

"முதல்ல கார்டியாலஜிம்மா" என்று சொல்லி, பேப்பரை மடித்து என் மடியில் வைத்து, வீல் சேரைத் திருப்பினாள். இதய நோய்ப் பிரிவு அடுத்த கட்டடத்தில் இருக்கிறது. வெயிலில், அந்தச் சிமெண்ட் பாதையில், பரீட்சை நடக்கும் கட்டடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என்னைத் தள்ளிக்கொண்டு போனாள்.

அங்கே எக்கோ எடுத்துப் பார்த்தார்கள். இதயத்தின் மேலறை ஒன்றில் ரத்தம் கட்டத் தொடங்கியிருந்தது. டாக்டர் திரையில் காட்டினார், கடுகு தாளித்தால் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளுமே அந்த மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. "நல்ல நேரத்துல வந்தீங்கம்மா" என்றார். அன்றே படுக்கையில் சேர்த்து, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து ஆரம்பித்தார்கள். என் கணவர் வரும்வரை அந்தப் பெண் கட்டிலோரம் நின்றிருந்தாள். அவரிடம் எந்த மருந்து எத்தனை மணிக்கு என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டாள். நான் எல்லோருக்கும் கொடுப்பதுபோல் அவளுக்கும் என் விசிட்டிங் கார்டைக் கொடுத்தேன். வேறு எதைக் கொடுப்பது என்று தெரியவில்லை. பரீட்சையைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. 

சாயந்திரம் பாய் பார்க்க வந்தார். "உங்க கேஸ் மாறிடுச்சுன்னு சொன்னாங்க. புரமோஷனா?" என்று கேட்டுச் சிரிக்க வைத்தார். அந்த ஈசிஜி பேராசிரியருக்குக் காட்டப்பட்டதா என்று அவருக்கும் தெரியவில்லை. எல்லாக் கேஸும் முடித்துவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார் என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகும் நான் என் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எத்தனையோ பேர் பிடித்த கை. நான் காதில் ஓதியதைக் கேட்டுச் சரி என்று எழுதிவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு உதவி செய்ததாக நான் நினைத்துக்கொண்டிருந்ததும் எத்தனை வருஷம். மூன்று விரலைத் தோல்மேல் வைத்துக்கொண்டு, என் பேச்சையும் பெரியவர் பேச்சையும் ஒதுக்கிவிட்டு, உள்ளே ஓடுவதை மட்டும் கேட்க ஒரு பெண்ணால் முடிந்திருக்கிறது. அதுவும் கேட்டதைச் சொன்னால் எல்லாம் போய்விடும் என்று தெரிந்த பிறகு. ரங்கநாதர் முன்னால் நிற்கும்போது வராத உடம்புச் சிலிர்ப்பு எனக்கு இதை நினைத்தபோது வந்தது. அபசாரம் என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும்.

பரீட்சை முடிவு வரும் நாள் எனக்குத் தெரியாது. உதவிப் பேராசிரியை அம்மாவிடம் கேட்க இரண்டு தடவை போனை எடுத்து, கீழே வைத்துவிட்டேன். நின்றுவிட்டாள் என்று சொல்லிவிட்டால் அதைக் கேட்கிற தைரியம் இல்லை. 

ஒரு நாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது புது நம்பரிலிருந்து போன் வந்தது. பாலிசி விஷயம் என்று நினைத்து என் வழக்கமான குரலில் ஆரம்பித்தேன்.

"அம்மா, தொட்டியத்துலேர்ந்து பேசறேம்மா. மாத்திரை விடாம போடறீங்களா?"

"போடறேன் கண்ணு. நீ..."

"ரத்தம் டெஸ்ட் பண்ணீங்களா? எவ்வளவு வந்துச்சு?"

சொன்னேன். சரியான அளவில் இருக்கிறது என்றாள். கீரை தினமும் ஒரே அளவா சாப்பிடுங்க, திடீர்னு கூட்டினா மருந்து கேக்காது என்றாள். படபடப்பு வருகிறதா என்று கேட்டாள். அவ்வப்போது என்றேன். 

"போனை ஸ்பீக்கர்ல போட்டுக் கீழ வைங்கம்மா. வலது கை மூணு விரலால இடது மணிக்கட்டைப் பிடிங்க, கட்டை விரல் பக்கமா. கிடைச்சுதா? ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு 'ம்' சொல்லுங்க. நான் எண்ணிக்கறேன். வேற எதுவும் பேசக்கூடாது."

சோறு ஆறிக்கொண்டிருந்தது. நான் கண்ணை மூடி, ம் என்றேன். ம். ம், ம். கொஞ்சம் பொறுத்து இன்னொரு ம். அந்தப் பக்கம் மூச்சுவிடும் சத்தம்கூட இல்லை. எங்கோ ஆற்றங்கரை ஊரில் ஒரு வீட்டில் ஒரு பெண் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு என் இதயத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"போதும்மா. ஒழுங்கு இல்ல, ஆனா வேகம் நல்லா குறைஞ்சிருக்கு. மருந்து வேலை செய்யுது. அடுத்த வாரம் கண்டிப்பா போய்க் காட்டிடுங்க" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கினாள். "காலையில ரிசல்ட் வந்துச்சும்மா. பாஸ் பண்ணிட்டேன். அப்பா தோட்டத்துல இருக்காங்க, இன்னும் வரல. அவங்களுக்குத்தான் முதல்ல சொல்லணும்னு இருந்தேன், உங்களுக்குச் சொல்லிட்டேன்."

என் விரல்கள் இன்னும் மணிக்கட்டிலேயே இருந்தன.

"அம்மா, லைன்ல இருக்கீங்களா?"

"ம்" என்றேன்.